துளை போடாமல் ஹாலோவீன் விளக்கு: செங்கல், சைடிங், கட்டர், எதில் எது நிற்கும்?

வாடகைவாசி:
அமெரிக்காவில் எங்களுடையது வாடகை டவுன்ஹவுஸ். வெளிச்சுவரில் ஆணி, ஸ்க்ரூ, துளை எதுவும் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதனால் போன வருஷம் ஒட்டும் கொக்கி 24 வாங்கி, ஒரு ஞாயிறு ராத்திரி நின்று ஒட்டி, ஆரஞ்சு சீரியல் லைட்டை மாட்டினேன். மறுநாள் இரவே பாதி கீழே கிடந்தது. மீதிப் பாதி நவம்பரில் வரவே மாட்டேன் என்று அடம்பிடித்து, போர்ச் தூணில் பெயின்ட்டையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது. அதைத் திரும்பப் பூசிய செலவை வீட்டுக்காரர் என் தலையில் கட்டிவிட்டார். ஆக விழக்கூடாதது விழுந்தது, விழவேண்டியது விழவில்லை.

வீடு எப்படி என்றால், முன்பக்கம் கீழ்த்தளம் செங்கல், மேலே வினைல் சைடிங் (சுவரை மூடும் பிளாஸ்டிக் பலகைகள்), போர்ச்சில் பெயின்ட் அடித்த இரண்டு மரத் தூண்கள், பக்கத்தில் காரேஜ் கதவு, கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கட்டர். மாட்டவேண்டியது மூன்று ஆரஞ்சு சரம், ஊதாவில் தொங்கும் சரம் ஒன்று, அப்புறம் மகள் ஆசைப்பட்டு வாங்கிய 4 அடி விளக்குச் சிலந்தி. துளை போடாமல் இதெல்லாம் நடக்குமா, இல்லை சிலந்தியை வாசலில் படுக்கப்போட்டுவிட்டு விட்டுவிடலாமா?

ஏணிமேல்எட்டுவருஷம்:
நடக்கும் தம்பி, தாராளமாக நடக்கும். ஆனால் அதற்கு முன்னால் போன வருஷக் கதையை முடித்துவிடுவோம். எந்த நேரத்தில் ஒட்டினீர்கள், சுவர் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது, எதை வைத்துத் துடைத்தீர்கள்?

வாடகைவாசி:
ராத்திரி 9 மணி இருக்கும். வெளியே 45 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம். ஈரத் துணியால் துடைத்தேன், சோப்புத் தண்ணீர்தான். ஒட்டியவுடனேயே சரத்தை மாட்டிவிட்டேன், மறுநாள் ஆபீஸ்.

ஏணிமேல்எட்டுவருஷம்:
ஒன்றுவிடாமல் எல்லாத் தப்பையும் ஒரே ராத்திரியில் செய்திருக்கிறீர்கள், பாராட்டுகள். வெளிப்புறத்துக்கென்று விற்கும் ஒட்டுப்பட்டைகளே கூட 50 டிகிரிக்கு மேல் இருக்கும்போதுதான் ஒட்டவேண்டும் என்று டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒட்டியபிறகு குளிர் வந்தால் அது தாங்கும், ஒட்டும்போது குளிர் ஆகாது. பசை குளிரில் கெட்டியாகிவிடும், பரப்பின் மேடுபள்ளத்துக்குள் இறங்காமல் மேலோட்டமாக உட்கார்ந்திருக்கும். அதோடு ராத்திரி சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் பனி ஈரம் வேறு இறங்கியிருக்கும். சோப்பு ஒரு மெல்லிய படலத்தை விட்டுவிட்டுப் போகும், அதனால்தான் ஐசோபுரொபைல் ஆல்கஹால் வைத்துத் துடைக்கச் சொல்கிறார்கள். ஒட்டி, அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரம் சும்மா விடவேண்டும்.

பெயின்ட் உரிந்தது வேறு கதை. பட்டையை நம் பக்கமாக இழுத்திருப்பீர்கள். வாலைப் பிடித்துச் சுவரோடு சுவராகக் கீழ்நோக்கி, மெதுவாக, ரப்பர் நீள்வதைப் போல நீளவிட்டு இழுக்கவேண்டும். பழைய பெயின்ட் மரத்திலிருந்து ஏற்கெனவே விட்டுப்போயிருந்தால் எப்படி இழுத்தாலும் வரத்தான் செய்யும், அங்கே பசையே வேண்டாம்.

என் கட்சி இதுதான்: வெளியே பசையைக் கடைசியில் யோசியுங்கள். வீட்டில் விளிம்பு எங்கெங்கே இருக்கிறது என்று முதலில் ஒரு சுற்று பாருங்கள். கட்டருக்கு உதடு இருக்கிறது, சைடிங் பலகைக்கு அடி விளிம்பு இருக்கிறது, செங்கலுக்கு மேலும் கீழும் விளிம்பு இருக்கிறது, தூணைச் சுற்றியே கட்டலாம். விளிம்பைக் கவ்வுவது மழைக்கும் குளிருக்கும் அசையாது. தட்டையான பரப்பில் ஒட்டுவது அன்றைய வானிலையின் தயவில் நிற்பது.

கட்டரில் மாட்ட பிளாஸ்டிக் கிளிப் கிடைக்கும், ஒரு பக்கம் கட்டரின் உதட்டைக் கவ்வும், அதையே திருப்பினால் கூரையில் வேய்ந்திருக்கும் ஷிங்கிள் பட்டைக்கு அடியில் செருகலாம். அடிக்கு ஒன்று போடுங்கள். காசு மிச்சம் என்று மூன்று அடிக்கு ஒன்று போட்டால் சரம் தொட்டில் மாதிரி தொங்கும், காற்று அதைப் பிடித்து ஆட்டும், ஆட்டத்தில்தான் கிளிப் கழலும். ஷிங்கிளில் செருகுவதாக இருந்தால் நல்ல குளிரில் அதைத் தூக்கிப் பார்க்காதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் ஷிங்கிள் விறைத்துப்போயிருக்கும், தூக்கினால் உடையும்.

செங்கல்வீட்டம்மா:
செங்கலுக்குத் துளை போடவே வேண்டியதில்லை. ஸ்பிரிங் எஃகில் செங்கல் கிளிப் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு முனையிலும் சின்னப் பல் இருக்கும். ஒரு முனையைச் செங்கலின் விளிம்பில் கொடுத்து மறுமுனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். எங்கள் வாசல் மாலை வருஷத்தில் பாதி நாள் அதில்தான் தொங்குகிறது.

ஆனால் வாங்குவதற்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, செங்கலின் உயரம். ஸ்கேலை வைத்து செங்கலை மட்டும் அளக்கவேண்டும், இடையில் இருக்கும் சாந்தைச் சேர்க்கக்கூடாது. 2¼ அங்குலம் என்பது சாதாரண அளவு, 2¾ அங்குலமும் நிறைய வீடுகளில் இருக்கிறது, இரண்டுக்கும் கிளிப் வேறு வேறு. நான் முதல் தடவை கண்ணால் பார்த்தே வாங்கி வந்தேன், எல்லாம் லொடலொட என்று ஆடியது. இரண்டு, சாந்து உள்ளடங்கி இருக்கவேண்டும். செங்கலின் மேல் விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள், நகம் உள்ளே இறங்கி மாட்டினால் கிளிப் பிடிக்கும். சாந்து செங்கலோடு சமமாக வழித்துப் பூசியிருந்தால் பல்லுக்குப் பிடிமானமே கிடையாது, அந்தச் சுவரை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று. செங்கல் நிறத்திலேயே கிளிப் வாங்கினால் பார்க்க அழகு, ஆனால் எண்ணி மாட்டுங்கள். மாட்டியபிறகு எங்கே இருக்கிறது என்று நமக்கே தெரியாது.

பசைக்காரன்:
இவ்வளவு எதற்கு? க்ளூ கன்னை எடுத்து, செங்கலில் ஒரு சொட்டு வைத்து, பல்பின் அடிப்பாகத்தை அழுத்தினால் வேலை முடிந்தது. காசு வாங்கிக்கொண்டு விளக்கு மாட்டித் தருபவர்களே இதைத்தான் செய்கிறார்கள். குளிர் வந்தபிறகு லேசாக நெம்பினால் சொட்டு முழுசாகக் கழன்று விழும்.

ஏணிமேல்எட்டுவருஷம்:
பூசாத வெறும் செங்கலில் நீங்கள் சொல்வது உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் டிசம்பருக்கு மாட்டி ஜனவரிக் குளிரில் கழற்றுகிறவர்கள். ஹாலோவீனுக்கு அக்டோபர் முதல் வாரத்தில் மாட்டுகிறோம், அப்போது மதிய வெயில் தெற்குப் பார்த்த சுவரில் விழுந்தால் சூட்டுப்பசை இளகிச் சரம் வழிந்து இறங்கும். நவம்பர் 1ஆம் தேதி கழற்றப்போனால் அதே வெயில், பசை நூல்நூலாக இழுபடும். பெயின்ட் அடித்த செங்கல், ஸ்டக்கோ என்கிற சுவர்ப்பூச்சு, வினைல் மூன்றிலும் தொடவே கூடாது. அதிலும் இவர் வாடகைக்கு இருக்கிறார், ஏற்கெனவே ஒரு தடவை தண்டம் கட்டியவர்.

பசைக்காரன்:
சரி சரி, வாடகை என்பதை நான் கவனிக்கவில்லை. என் சொந்த வீட்டில் என் பசை, அதில் யாரும் தலையிட வேண்டாம்.

சும்மாகேட்கிறேன்:
ஸ்டேப்ளர் அடித்தால்? அது ட்ரில் கணக்கில் வராதே.

மின்வேலைக்காரன்:
துளையின் கணக்கில் வரும். ஒரு பின்னுக்கு இரண்டு துளை. அதைவிட மோசம், பின் சற்றே கோணலாக இறங்கினால் வயரின் தோலைக் கிழிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, முதல் மழையில் தெரியும்.

மாட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், செருகுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சரத்தில் இருக்கும் யு.எல். என்ற பாதுகாப்புச் சோதனை முத்திரையைப் பாருங்கள், சிவப்பு என்றால் உள்ளே வெளியே இரண்டுக்கும், பச்சை என்றால் வீட்டுக்குள் மட்டும். எக்ஸ்டென்ஷன் வயரிலும் டபிள்யூ என்ற எழுத்து அச்சிட்டிருந்தால்தான் அது வெளியில் போடத் தகுந்தது. வெளியே இருக்கும் பிளக் பாயின்ட் ஜி.எஃப்.சி.ஐ. ஆக இருக்கவேண்டும், நடுவில் டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு பொத்தான் இருப்பது அதுதான். சில வீடுகளில் அந்தப் பொத்தான் காரேஜில் இருக்கும் பாயின்ட்டிலோ பிரேக்கர் பெட்டியிலோ இருந்துகொண்டு வெளிப் பாயின்ட்டையும் காக்கும். சுமார் 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். மழை ராத்திரியில் அது அடிக்கடி விழுந்தால் அதைத் திட்டாதீர்கள், எங்கேயோ ஒரு பிளக் தண்ணீரில் கிடக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு சரம் சேரும் இடத்தைத் தரையில் போடாமல் தூக்கிக் கட்டுங்கள், வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். பாயின்ட்டுக்குப் போகும் வயர் நேராக இறங்கிச் செருகக்கூடாது. கொஞ்சம் கீழே தொங்கி, வளைந்து மேலே ஏறிச் செருகினால் வயரோடு ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

வாட்ஸ் கணக்கு எல்.ஈ.டி.க்குத் தேவைப்படாது. பழைய சூட்டு பல்பாக இருந்தால் வேண்டும். சி9 என்று போட்டிருக்கும் பெரிய பல்பு ஒன்று 7 வாட்ஸ், 25 பல்பு சரம் 175 வாட்ஸ். 15 ஆம்பியர் சர்க்யூட் 120 வோல்ட்டில் 1800 வாட்ஸ், மணிக்கணக்கில் எரியும் விளக்குக்கு அதில் 1440க்குள் நிறுத்துவது நல்லது. பழைய மினி பல்புச் சரங்களைப் பொதுவாக மூன்றுக்கு மேல் வால்வாலாகக் கோக்கக்கூடாது, சரத்தில் தொங்கும் அட்டையில் எத்தனை என்று போட்டிருக்கும். கோத்தால் பிளக்கின் உள்ளே இருக்கும் குட்டி ஃப்யூஸ் போய்விடும், 'சரமே செத்துவிட்டது' என்று தூக்கிப் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஃப்யூஸ் இருப்பதே தெரியாது.

காந்தக்கை:
காரேஜ் கதவில் காந்தக் கொக்கி போடுங்கள் அண்ணா, ஐந்து நிமிஷ வேலை. கட்டரிலும் போட்டுப் பாருங்கள்.

வாடகைவாசி:
அண்ணன் பேச்சைக் கேட்டு சனிக்கிழமை காந்தம் வாங்கி வந்தேன். காரேஜ் கதவில் கப்பென்று பிடித்தது. கட்டரில் வைத்தேன், வைத்த கையை எடுப்பதற்குள் என் காலில் விழுந்தது. திரும்பத் திரும்ப நாலு இடத்தில் வைத்துப் பார்த்தேன். காந்தம்தான் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்குத் திருப்ப நினைத்தேன், மகள் வந்து அதே காந்தத்தை ஃபிரிட்ஜில் ஒட்டிக் காட்டிவிட்டுப் போனாள்.

ஏணிமேல்எட்டுவருஷம்:
இப்போதைய கட்டர்கள் பெரும்பாலும் அலுமினியம் தம்பி. அலுமினியத்தில் காந்தம் எந்த ஜென்மத்திலும் பிடிக்காது. பார்க்க இரும்புத் தகடு போலவே இருப்பதால் எல்லாரும் ஏமாறுகிற இடம் இது.

காந்தக்கை:
எங்கள் வீட்டு கட்டர் பழைய இரும்பு, அதனால் சொல்லிவிட்டேன். மன்னிக்கவும்.

வாடகைவாசி:
பரவாயில்லை, இன்னும் இருக்கிறது கேளுங்கள். காரேஜ் கதவில் மேலிருந்து கீழாக ஆரஞ்சு சரத்தை வளைத்து வளைத்து மாட்டி அழகு பார்த்தேன். திங்கட்கிழமை காலை அரைத்தூக்கத்தில் காரில் உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கினேன். கதவு மேலே ஏறி மடிகிற இடத்தில் சரம் சிக்கி, காந்தங்கள் ஒவ்வொன்றாகத் தெறித்து பானெட்டில் தாளம் போட்டன. இரண்டு பல்பு நசுங்கியது, காருக்கு ஒரு கீறல்.

செங்கல்வீட்டம்மா:
அடடா! கதவைச் சுற்றியிருக்கும் சட்டத்தில் ஓட்டுங்கள், கதவின் மேல் வயரே வேண்டாம். கதவில் ஏதாவது வைத்தே ஆகவேண்டும் என்றால் பேட்டரியில் எரியும் தனி விளக்கு, ஒரு மடிப்புப் பலகைக்குள் அடங்குகிற அளவில். ரப்பர் பூசிய காந்தமாகப் பார்த்து வாங்கினால் பெயின்ட் கீறாது.

சைடிங்மாமா:
மேல்தளத்து வினைலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வினைல் சைடிங்கை இறுக்கி அடித்திருக்க மாட்டார்கள், ஆணிக்கு நீளத் துளை விட்டுத் தொங்கத்தான் விட்டிருப்பார்கள். பன்னிரண்டரை அடிப் பலகை வெயிலுக்கும் குளிருக்கும் அரை அங்குலம் வரை நீண்டு சுருங்கும். அதில் ஸ்க்ரூ இறக்கினால் நகர முடியாமல் வயிறு புடைத்துக்கொள்ளும். அதனால் இது வாடகை வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை, சொந்த வீட்டிலும் அங்கே துளை போடக்கூடாது.

அதற்குச் சைடிங் கொக்கி இருக்கிறது, துருப்பிடிக்காத மெல்லிய எஃகுத் தகடு. மேல் பலகையின் அடி விளிம்பும் கீழ்ப் பலகையும் சேரும் கோட்டில் அதைப் படுக்கையாக வைத்து, விளிம்புக்கு அடியில் கொடுத்து மேலே தள்ளினால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், கொக்கி மட்டும் வெளியே நிற்கும். உள்ளே போக அடம்பிடித்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். குளிரில் வினைல் பிஸ்கட் மாதிரி உடையும். மதிய வெயில் பட்டபிறகு செய்தால் தானாக நெகிழ்ந்து கொடுக்கும். சிலந்திக்கு இதுதான் சரியான இடம், ஆனால் அதன் எடை என்ன?

வாடகைவாசி:
சமையலறைத் தராசில் வைத்தேன், 2 பவுண்டுக்குக் கொஞ்சம் அதிகம். எடையைவிடக் கால்கள்தான் பயமாக இருக்கிறது, எட்டும் எட்டுத் திசையில்.

சைடிங்மாமா:
எடை ஒன்றும் இல்லை, காற்றுதான் எதிரி. ஒரே கொக்கியில் தொங்கவிட்டால் காத்தாடி மாதிரி சுற்றிச் சுவரை அடிக்கும். மேலே இரண்டு கொக்கி, கீழே செங்கலில் இரண்டு கிளிப், நாலு மூலைக்கும் தூண்டில் நரம்பு இழுத்துக் கட்டுங்கள். நரம்பு இருட்டில் தெரியாது, சிலந்தி சுவரில் தானாக ஏறுவது போல இருக்கும்.

குருவிப்பிரியை:
சிலந்தியோடு சேர்த்து அந்தப் பஞ்சு வலையை மட்டும் வெளியே இழுத்துக் கட்டிவிடாதீர்கள், தயவுசெய்து. செடியிலும் தூணிலும் கட்டும் அந்த இழையில் சின்னப் பறவைகள் சிக்கிக்கொள்கின்றன. வலை வேண்டும் என்றால் தடித்த கயிற்றில் பின்னிய வலை போதும்.

வாடகைவாசி:
நல்லவேளை சொன்னீர்கள், இரண்டு பாக்கெட் வாங்கி வைத்திருந்தேன். அது வீட்டுக்குள் போய்விடும். அடுத்து ஏணி. மாடி கட்டருக்கு நான் இதுவரை ஏறியதே இல்லை.

ஏணிமேல்எட்டுவருஷம்:
ஏறியதே இல்லை என்றால் இந்த வருஷமும் ஏறவேண்டாம், உண்மையாகச் சொல்கிறேன். போர்ச் கூரையின் கட்டர் இருக்கும் உயரமே தெருவிலிருந்து பார்க்கப் போதும். மேல் கட்டர்தான் வேண்டும் என்றால் நுனியில் கொக்கி வைத்த நீட்டுக் கம்பு கிடைக்கிறது, தரையில் நின்றபடியே கிளிப்போடு சரத்தைத் தூக்கி மாட்டலாம், கழுத்து வலிக்கும், எலும்பு உடையாது.

ஏணி வைத்தால், நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி என்ற கணக்கில் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், 16 அடியில் சாய்த்தால் அடி 4 அடி தள்ளி இருக்கவேண்டும். அலுமினிய கட்டரில் ஏணியைச் சாய்த்தால் கட்டர் நசுங்கும், ஏணியும் வழுக்கும், சுவரில் ஊன்றும் தாங்கி போட்டுக்கொள்ளுங்கள். கை எட்டவில்லை என்றால் இறங்கி ஏணியை நகர்த்துங்கள். எட்டிப் பிடிக்கிற அந்த ஒரு அங்குலத்தில்தான் எல்லாரும் விழுகிறார்கள். வீட்டுக்கு வரும் மின்கம்பியிலிருந்து 10 அடியாவது விலகி இருங்கள்.

தூணுக்குக் கொக்கியே தேவையில்லை. கீழிருந்து மேலாகச் சுற்றிக்கொண்டே போய், மேலேயும் கீழேயும் கேபிள் டை போட்டு வயரையே வயரோடு கட்டுங்கள், பெயின்ட்டைத் தொடவே வேண்டாம். ஊதாச் சரத்துக்குப் போர்ச்சின் இரண்டு தூணுக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்த திரைக்கம்பி ஒன்றை இறுக்கி நிறுத்தினால் போதும். ஆனால் அந்த இடைவெளிக்குக் கம்பி எட்டுமா என்று அளந்து பாருங்கள், முழு நீளத்துக்கு இழுத்த கம்பி நடுவில் தொய்ந்து ஒருநாள் தலையில் விழும்.

வாடகைவாசி:
மாட்டியாகிவிட்டது. கீழ் கட்டரில் 30 கிளிப், செங்கலில் 12, சைடிங்கில் 6, தூண்களில் கேபிள் டை. ஏணியில் நாலு படிக்கு மேல் ஏறவில்லை. செங்கல் சமாச்சாரத்தில் ஒரு வேடிக்கை: வாசலுக்கு இடதுபக்கம் நகம் நன்றாக இறங்குகிறது, வலதுபக்கம் எப்போதோ பழுதுபார்த்து சாந்தைச் சமமாக வழித்துவிட்டிருக்கிறார்கள், ஒரு கிளிப்பும் நிற்கவில்லை. அதனால் சிலந்தி இடதுபக்கத்துக்குக் குடிபோய்விட்டது.

நேற்று ராத்திரி மழையில் 8 மணிக்கு எல்லாம் அணைந்தது. போன வருஷமாக இருந்தால் நானும் திட்டியிருப்பேன். டார்ச்சோடு வெளியே போய்ப் பார்த்தால், இரண்டு சரம் சேரும் பிளக் புதருக்குள் சறுக்கி, ஈர இலைக் குவியலில் படுத்திருக்கிறது. சரத்தைக் கழற்றி, பிளக்கைக் காயவைத்து, தூணில் முழங்கால் உயரத்தில் வாய் கீழாகக் கட்டிவிட்டு ரீசெட் அமுக்கினேன். அப்புறம் விடிய விடிய மழை பெய்தும் ஒன்றும் ஆகவில்லை.

மின்வேலைக்காரன்:
பிரமாதம். நடைபாதையைக் குறுக்கே வெட்டி எந்த வயரும் போகவில்லையே? முகமூடி போட்ட பிள்ளைகளுக்குக் காலடி தெரியாது.

வாடகைவாசி:
இல்லை, சுவரோரமாகவே கொண்டுபோனேன். இன்னொரு சந்தேகம், தீபாவளி வரைக்கும் அப்படியே விட்டுவிடலாமா?

மின்வேலைக்காரன்:
2024இல் இரண்டும் ஒரே நாளில் வந்து வேலையை மிச்சம் பிடித்தது, எல்லா வருஷமும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது. இங்கே தேசிய மின் விதித்தொகுப்பு பண்டிகை விளக்குகளைத் தற்காலிகம் என்று சொல்லி 90 நாள் வரம்பு வைத்திருக்கிறது, அதில் பிரச்சினையில்லை. உங்கள் குடியிருப்புச் சங்கம் சொல்லும் தேதிதான் பெரும்பாலும் அதைவிடக் குறைவாக இருக்கும், அந்தக் காகிதத்தைப் பாருங்கள். டைமர் போட்டிருந்தால் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் தள்ளும்போது அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கடிகாரக் கணக்கில் ஒரு மணி நேரம் முன்னாலேயே எரிந்து, முன்னாலேயே அணைந்துவிடும்.

வாடகைவாசி:
சங்கம் நவம்பர் 7 வரைதான் என்கிறது, எனவே இன்று மதிய வெயிலில் கழற்றிவிட்டேன். முக்கால் மணி நேரம். தூணில் பெயின்ட் அப்படியே இருக்கிறது, சைடிங்கில் ஒரு கோடுகூட இல்லை. கட்டர் கிளிப் 30, சைடிங் கொக்கி 6, சரி. ஆனால் செங்கல் கிளிப் 11தான் வந்திருக்கிறது. மூன்று தடவை எண்ணிவிட்டேன். கீழே விழுந்ததா என்று புல்லிலும் தேடியாகிவிட்டது.

செங்கல்வீட்டம்மா:
விழுந்திருக்காது, சுவரிலேயே இருக்கும். நான்தான் அன்றைக்கே சொன்னேனே. இருட்டியபிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடியுங்கள், கிளிப் தெரியாது, அதன் நிழல் தெரியும்.

வாடகைவாசி:
கிடைத்துவிட்டது. வலதுபக்கச் சுவரில், ஒரு கிளிப்பும் நிற்கவில்லை என்று நான் எழுதிய அதே சுவரில்.